பக்கத்துத் தீவுக்கு ஒருநாள்: திட்டத்தை யாரிடமிருந்து தொடங்குவது?

கரீபியன் என்றால் என் தலைமுறையைச் சேர்ந்த இலங்கைத் தமிழருக்குக் கிரிக்கெட் ஒன்றுதான் நினைவுக்கு வரும். வானொலி வர்ணனையில் பார்படோஸ், அன்ரிகுவா, ஜமெய்க்கா என்ற பெயர்களைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அவை வெறும் மைதானங்களாகவே இருந்தன. இன்று நிலைமை வேறு. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இலண்டனிலும் வேரூன்றிவிட்ட எங்கள் குடும்பங்கள் மார்கழி விடுமுறைக்கு அங்கே போய்வருகின்றன. வெவ்வேறு நாடுகளில் சிதறிக் கிடக்கும் சகோதரர்கள் ஒரு வாரம் ஒரே கூரையின் கீழ் இருப்பதற்கு, யாருடைய வீடுமல்லாத ஓர் இடம் வசதியானது என்ற கணக்கும் இதில் உண்டு. (சமையலறை யாருக்கும் சொந்தமில்லை என்றால் பாதிச் சச்சரவு இல்லை!)

அப்படிப் போகிற எல்லோரும் ஒருநாளைப் பக்கத்துத் தீவுக்கென்று ஒதுக்குகிறார்கள். காலையில் படகேறி, மாலையில் திரும்பி வருவது. கேட்பதற்கு எளிமையான விடயம். ஆனால் குடும்ப விடுமுறையொன்றில் வயதானவர்கள் கைவிடப்படுகிற நாளும் அதுவே என்பதை நான் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன். "அம்மாவுக்குக் கஷ்டம், அவ வீட்டில் இருந்து ஆறட்டும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அம்மாவும் "நீங்கள் போட்டு வாங்கோ" என்பார். அவர் வேறென்ன சொல்வார்? ஆகவே என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் பயணத்தின் திட்டம் குடும்பத்திலுள்ள மிகப் பலவீனமான கடவுச்சீட்டிலிருந்தும், மிகப் பலவீனமான முழங்காலிலிருந்தும் தொடங்க வேண்டும். இளைஞர்களின் விருப்பப் பட்டியலிலிருந்து தொடங்குகிற திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது குடும்பத் திட்டம் ஆகாது.

2023 டிசெம்பர் இறுதியில் எங்கள் குடும்பம் சென் மார்ட்டின் தீவில் கூடியது. ரொறன்ரோவிலிருந்து தம்பி குடும்பம் நால்வர். பாரிஸிலிருந்து தங்கை குடும்பம் நால்வர். தங்கையின் கணவருடைய தம்பி ஒருவர். இலங்கையிலிருந்து பாரிஸ் வழியாகச் சென்ற நான், மனைவி, எண்பதை நெருங்கும் அம்மா. மொத்தம் பன்னிரண்டு பேர். கனடியக் கடவுச்சீட்டு நான்கு, பிரெஞ்சுக் கடவுச்சீட்டு நான்கு, இலங்கைக் கடவுச்சீட்டு மூன்று, அகதிக்கான பயண ஆவணம் ஒன்று. ஓர் ஈழத்தமிழ்க் குடும்பத்தின் நாற்பதாண்டு வரலாற்றை எழுத விரும்புபவருக்கு இந்தக் கணக்கே போதும்.

சென் மார்ட்டினைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சுமார் 88 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இச்சிறு தீவை 1648ஆம் ஆண்டு உடன்படிக்கையொன்றின் மூலம் பிரெஞ்சுக்காரரும் ஒல்லாந்தரும் பங்கிட்டுக் கொண்டனர். வடக்குப் பாதி பிரான்சுடையது. தெற்குப் பாதி ஒல்லாந்து இராச்சியத்தின் கீழ் தன்னாட்சி பெற்ற சின்ட் மார்ட்டன். இடையே எல்லைக் காவல் இல்லை. ஒரு நினைவுத்தூணும் பெயர்ப்பலகையும் மட்டுமே. ஒரு பக்கத்தில் யூரோ, மறுபக்கத்தில் பெரும்பாலும் அமெரிக்க டொலர்; மின்சாரத்தின் அழுத்தம்கூட வேறு வேறு. எல்லை தாண்டுவதற்கு இதைவிட இலகுவான இடம் உலகில் அதிகம் இருக்க முடியாது. அதனால்தான் வருகிறவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள். தரையில் எல்லை இல்லாததைப் பார்த்துவிட்டு, கடலிலும் எல்லை இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

உண்மை என்னவெனில், கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும் தீவுகளில் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆட்சியின் கீழ் உள்ளது. அங்குவில்லா பிரித்தானியாவின் கடல்கடந்த ஆட்சிப்பகுதி. சென் பார்த்தெலெமி பிரான்சின் தனி ஆட்சிக் கூறு. சாபா 2010 முதல் ஒல்லாந்தின் விசேட மாநகராட்சி. பிரெஞ்சுப் பக்கத்து சென் மார்ட்டின் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்தது. ஆனால் ஷெங்கன் வலயத்தைச் சேர்ந்ததல்ல. ஷெங்கன் விசாவை மட்டும் வைத்துக்கொண்டு "பிரான்சுக்குத்தானே போகிறோம்" என்று இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் புறப்பட முடியாது. அந்தத் தீவுக்கென்று விசா தனியே கேட்க வேண்டும். அதுவும் போக, விமானம் இறங்குவது ஒல்லாந்தப் பக்கத்தில். அவர்களுடைய விதியையும் பார்க்க வேண்டும்.

இதற்குள் இன்னொரு பொறி இருக்கிறது. காலையில் பக்கத்துத் தீவுக்குப் போனால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் சென் மார்ட்டினை விட்டு வெளியேறிவிட்டீர்கள். மாலையில் திரும்பி வருவது புதிய நுழைவு. கையில் உள்ளது ஒருமுறை நுழைவு விசாவாக இருந்தால் அது முடிந்துபோயிற்று. பெட்டி படுக்கை ஒரு தீவிலும் ஆள் இன்னொரு தீவிலுமாக நிற்க வேண்டியதுதான். கனடியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் கனவிலும் தோன்றாது. அது அவர்களுடைய குற்றமல்ல; கதவுகள் தாமாகவே திறக்கும் வீட்டில் வளர்ந்தவனுக்குத் திறப்பு என்ற ஒன்று இருப்பது எப்படித் தெரியும்?

எங்கள் குடும்பத்தின் முதல் திட்டத்தைத் தயாரித்தவன் என் பெறாமகன். இருபத்திரண்டு வயது, கணினியில் அட்டவணை போடுவதில் வல்லவன். சென் பார்த்தெலெமி, அங்குவில்லா, இடையில் பவளப்பாறைகளைப் பார்க்கக் கடலில் முங்குதல் என்று காலை ஏழு மணி தொடக்கம் இரவு எட்டு மணி வரை நிமிடக் கணக்கில் எழுதியிருந்தான். அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் "அப்பாச்சி: வீடு" என்றிருந்தது. தங்கையின் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மம்மா இல்லாமல் நானும் போகமாட்டன்" என்றாள். அப்பாச்சியும் அம்மம்மாவும் ஒரே ஆள் என்பதால் விவகாரம் இரு கண்டங்களுக்கிடையிலான பிரச்சினையாகி, நடுநிலையாளர் என்று கருதப்பட்ட என்னிடம் வந்தது. பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை எங்கள் குடும்பத்தில் இன்னும் இருக்கிறது.

இவையெல்லாம் செப்டெம்பர் மாதத்திலேயே நடந்தது நல்லதாயிற்று. நாங்கள் மூவரும் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே, பலமுறை நுழைவு வேண்டும் என்றும், ஏன் வேண்டும் என்றும் கடிதத்தில் எழுதினோம். அங்குவில்லாவின் குடிவரவு விதிகள் தனியானவை. எங்களுக்கு என்ன தேவை என்பதை எழுத்தில் கேட்டு, அதைப் பெற்றுக்கொண்ட பின்னரே படகைப் பற்றிப் பேசினோம். வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உறவினர் சொன்னது, முகவர் சொன்னது, சென்ற ஆண்டு போனவர் சொன்னது எதையும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு தீவின் விதியையும் அந்தத் தீவின் அரசாங்கத்திடமே கேளுங்கள். விதிகள் மாறுகின்றன, படகுத்துறை அதிகாரிக்கு உங்கள் மைத்துனரின் அனுபவம் செல்லாது.

அடுத்தது எந்தத் தீவு என்ற கேள்வி. மூன்று தீவுகள் எங்கள் முன்னால் இருந்தன.

சென் பார்த்தெலெமி எல்லோருக்கும் பெயர் தெரிந்த தீவு. செல்வந்தர்களின் உல்லாசப் படகுகள் புத்தாண்டுக்குக் கூடுமிடம். 1784இல் பிரான்ஸ் அதைச் சுவீடனுக்குக் கொடுத்து, 1878இல் திரும்பப் பெற்றது. தலைநகரின் பெயர் குஸ்தாவியா என்று இருப்பது சுவீடன் மன்னரின் ஞாபகமாகவே. வரலாறு சுவையானது, விலைவாசி சுவையானதல்ல. பன்னிரண்டு பேர் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எழும்பும்போது ஒருவர் அடகு வைக்கப்பட வேண்டியிருக்கும். படகுப் பாதையும் திறந்த கடல். மார்கழி, தை மாதங்களில் அங்கே வியாபாரக் காற்று மும்முரமாக வீசும். அதற்கு உள்ளூர்வாசிகள் நத்தார்க் காற்று என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றில் அந்தப் பாதை வயிற்றைக் கலக்கும். அதை விலக்கினோம்.

சாபாவை விலக்குவதற்கு எனக்கு மனமில்லை. 13 சதுர கிலோமீற்றர் அளவான ஒரு தணிந்த எரிமலை அது. கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அதன் உச்சிதான் ஒல்லாந்து இராச்சியம் முழுவதிலும் மிக உயர்ந்த இடம். விமான ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 400 மீற்றர்; பயணிகள் விமானம் இறங்கும் ஓடுபாதைகளில் உலகிலேயே மிகக் குறுகியது. அங்கே வீதி அமைப்பது இயலாத காரியம் என்று பொறியியலாளர் கைவிரித்தபோது, ஜோசஃபஸ் லம்பேர்ட் ஹசெல் என்ற உள்ளூர்க்காரர் தபால் மூலம் வீதிப் பொறியியல் படித்து, 1938இல் தொடங்கி, ஊராரின் கைகளைக் கொண்டே அந்த வீதியை அமைத்தார் என்று சாபாவாசிகள் பெருமையோடு சொல்வார்கள். அதன் பெயர் வெறுமனே "வீதி". வேறு வீதி இல்லாத ஊரில் வேறு பெயர் எதற்கு? இந்தக் கதைக்காகவே போகலாம். ஆனால் சாபா முழுவதும் ஏற்றமும் இறக்கமும். நல்ல முழங்கால் உள்ளவர்கள் இரண்டு நாள் தங்கிப் பார்க்க வேண்டிய தீவை, எண்பது வயதுத் தாயோடு ஐந்து மணி நேரத்தில் பார்ப்பது அந்தத் தீவுக்கும் தாய்க்கும் செய்யும் அநியாயம்.

எஞ்சியது அங்குவில்லா. பெயரின் பொருள் விலாங்கு. நீண்டு ஒடுங்கிய தீவு. 26 கிலோமீற்றர் நீளம், அதிகபட்சம் 5 கிலோமீற்றர் அகலம். மலை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. பிரெஞ்சுப் பக்கத் தலைநகரான மரிகோவிலிருந்து படகில் இருபது, இருபத்தைந்து நிமிடம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போவதைவிடக் குறைந்த நேரம். அம்மா இதைக் கேட்டதும், "அப்ப அது பிரச்சினையில்லை" என்றார். நெடுந்தீவுப் படகில் சீமெந்து மூட்டைகளுக்கும் ஆட்டுக்கும் நடுவில் இருந்து போனவருக்கு எந்தப் படகும் பெரிதல்ல.

தட்டையான தீவு, குறுகிய கடல், அமைதியான கரை என்பன அங்குவில்லாவைத் தெரிவதற்கு முதற் காரணங்கள். என்னைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் இருந்தது. அங்கே ஒரு கதை இருக்கிறது. அதை இங்கே விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். ஏனெனில் கடற்கரைகளைப் பற்றி எழுதுபவர்கள் இதை எழுதுவதில்லை.

1967 பெப்ரவரியில் பிரித்தானியா சென் கிற்ஸ், நெவிஸ், அங்குவில்லா ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டி, உள்நாட்டு ஆட்சியைச் சென் கிற்ஸின் கையில் கொடுத்தது. அங்குவில்லாவில் அப்போது சுமார் ஆறாயிரம் பேர். தார் போட்ட வீதி இல்லை, மின்சாரம் இல்லை. நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தீவொன்றிலிருந்து தாங்கள் புறக்கணிக்கப்படுவதாக அவர்கள் நீண்டகாலமாகக் குமுறிக்கொண்டிருந்தனர். 1967 மே 30ஆந் திகதி சென் கிற்ஸ் பொலிஸாரை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினர். ஜூலை 11ஆந் திகதி வாக்கெடுப்பு நடத்தினர். பிரிந்து போவதற்கு ஆதரவாக 1,813 வாக்குகள், எதிராக 5. அந்த ஐந்து பேர் யார் என்று அறியும் ஆவல் எந்தப் பத்திரிகையாளனுக்கும் இருக்கும். எனக்கும் இருந்தது.

றொனல்ட் வெப்ஸ்ரர் என்பவரின் தலைமையில் இரண்டு ஆண்டுகள் அத்தீவு தன்னைத் தானே ஆண்டது. 1969 மார்ச்சில் பேச வந்த பிரித்தானிய அமைச்சர் சில மணி நேரத்திலேயே வெளியேற்றப்பட்டார். மார்ச் 19ஆந் திகதி விடியற்காலையில் பிரித்தானியப் பரசூட் படையினர் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இலண்டன் பொலிஸாருடன் வந்து இறங்கினர். எதிர்த்துச் சுட ஒருவரும் இல்லை. கரையில் அவர்களை வரவேற்றவர்கள் செய்தியாளரும் புகைப்படக்காரருமே. பிரித்தானியப் பத்திரிகைகள் தம் சொந்த அரசாங்கத்தைக் கேலி செய்து தீர்த்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், அங்குவில்லா மக்கள் கேட்டது பிரித்தானியாவிடமிருந்து விடுதலையன்று; சென் கிற்ஸிடமிருந்து விடுதலை. படையெடுப்பின் முடிவில் அவர்கள் கேட்டதே அவர்களுக்குக் கிடைத்தது. 1980 டிசெம்பரில் அது முறைப்படி தனி ஆட்சிப்பகுதியானது.

இக்கதையைக் கேட்கும் ஈழத்தமிழருக்கு நெஞ்சில் ஒரு சலனம் உண்டாகும். எனக்கும் உண்டானது. ஆனால் பக்கத்தில் ஒரு தீவு, புறக்கணிப்பு, வாக்கெடுப்பு என்ற சொற்கள் ஒத்துப்போகின்றன என்பதற்காக எங்கள் கதையை அதன்மேல் ஏற்றிப் பார்ப்பது சரியல்ல என்று நினைக்கிறேன். அவர்களுக்குப் பின்னால் ஒரு பேரரசு தயக்கத்தோடாவது நின்றது, இரத்தம் சிந்தப்படவில்லை. அவர்களுடைய கதையை அவர்களுடையதாகவே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். படகில் போகும் இருபது நிமிடத்தில் நான் அதைச் சொன்னேன். 1,813க்கு 5 என்ற எண்ணிக்கை அவர்களைக் கவர்ந்தது. பெறாமகனை அதைவிடக் கவர்ந்தது வேறொன்று: இணைய முகவரிகளில் அங்குவில்லாவுக்கு ஒதுக்கப்பட்ட இரண்டு எழுத்துகள் செயற்கை நுண்ணறிவைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளாகவும் அமைந்துவிட்டதால், அந்த முகவரிகளை விற்றே 2023இல் அத்தீவு ஏறத்தாழ 3 கோடி 20 இலட்சம் அமெரிக்க டொலர் ஈட்டியது. அரசாங்க வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு! பதினாறாயிரம் பேர் அளவில் வாழும் தீவுக்கு எழுத்து வடிவில் வந்த இலட்சுமி.

இனி அந்த நாளின் அமைப்பு. ஒரு தீவில் ஒருநாளில் ஒரு கடற்கரை, ஒரு சாப்பாடு, ஒரு சுற்று என்பதற்கு மேல் வைக்கக் கூடாது. அங்குவில்லாவில் புகழ்பெற்ற கடற்கரைகள் பல உண்டு. ஷோல் குடாவின் வெண்மணலைப் பார்க்காமல் வந்தால் பாவம் என்பார்கள். நாங்கள் தெரிந்தது சான்டி கிரவுண்ட். பெரிய அழகி அல்ல. ஆனால் காற்றுக்கு மறைவான குடா, அலை குறைவு, கரையோடு ஒட்டிய உணவகங்கள், நிழல், கழிப்பறை. (சுற்றுலா எழுத்தாளர்கள் கழிப்பறையைப் பற்றி எழுத வெட்கப்படுகிறார்கள். குடும்பப் பயணத்தின் வெற்றி தோல்வி அதில் தங்கியிருக்கிறது.) கடற்கரையின் முதுகுப்புறத்தில் பெரிய உப்புக்குளம் ஒன்று. தலைமுறைகளாக அத்தீவுக்குச் சோறு போட்ட உப்பளம் அது. 1980களில் வேலை நின்றுவிட்டது. அம்மா அந்தக் குளத்தைப் பார்த்துவிட்டு, ஆனையிறவுப் பக்கம் தன் தகப்பனாரோடு மாட்டுவண்டியில் போனதைச் சொல்லத் தொடங்கினார். நாங்கள் யாரும் அதுவரை கேட்டிராத கதை. கடற்கரையை மறந்து பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

புறப்பாடு காலை எட்டரைக்குப் பிந்தாமல் இருக்க வேண்டும். வெயில் ஏறினால் காற்றும் ஏறும். படகில் வயதானவர்களை நடுப்பகுதியில், கூடியவரை பின்பக்கமாக இருத்த வேண்டும்; முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. மனைவி இஞ்சித் துண்டுகளைச் சீனியில் பிரட்டி ஒரு போத்தலில் கொண்டுவந்திருந்தார். இரு துறைகளிலும் சீட்டுக்கு வெளியே வரி கட்ட நேரிடும். பணத்தைத் தாளாக வைத்திருங்கள். அங்குவில்லாவின் நாணயம் கிழக்குக் கரீபியன் டொலர், ஓர் அமெரிக்க டொலருக்கு 2.70 என்று 1976 முதல் மாறாமல் நிற்கிறது. அமெரிக்கத் தாளையும் தாராளமாக வாங்குகிறார்கள்.

வாகனம் ஓட்டும் விடயத்தில் எனக்கு எதிர்பாராத மரியாதை கிடைத்தது. பிரித்தானிய ஆட்சியின் எச்சமாக அங்கே வீதியின் இடப்பக்கமாகவே ஓட்டுகிறார்கள். ரொறன்ரோத் தம்பிக்கும் பாரிஸ் மச்சானுக்கும் அது பழக்கமில்லை. இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் இழிவாகப் பேசப்படாத முதலாவது வெளிநாட்டை அன்றுதான் கண்டேன். (அங்கே ஓட்டுவதற்குத் தற்காலிக உள்ளூர் அனுமதியும் பெற வேண்டும்; வாடகைக்குக் கொடுப்பவரே செய்து தருவார்.) வண்டியின் ஸ்ரியரிங் மட்டும் அமெரிக்க முறையில் இடப்பக்கம் இருந்தது. மணிக்கு முப்பது மைல்தான் வேக எல்லை என்பதால் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். படையினர் இறங்கிய குரோக்கஸ் குடாவுக்குச் செங்குத்தாக இறங்கும் பாதையில் ஒருமுறை போய்த் திரும்பினோம். படையெடுப்பு நடந்த இடமென்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இரண்டு ஆடுகள் நின்றன.

சாப்பாட்டு மேசைக்கு வந்த சோற்றில் பச்சைத் துவரை கிடந்தது. அங்குவில்லாவின் தேசிய உணவே துவரையும் சோறும்தான். அம்மாவுக்கு இறைச்சி படாமல் சமைத்துத் தரும்படி முதல் நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தோம். "எங்கட துவரைதான், ஆனால் காய விடாமல் பிடுங்கிப் போட்டினம்" என்று அம்மா தீர்ப்பு வழங்கினார். பிறகு பேரப்பிள்ளைகள் இருவர் இரு கைகளையும் பிடிக்க, கணுக்கால் அளவு நீரில் அரை மணி நேரம் நின்றார். எங்கள் நிகழ்ச்சி நிரலில் இருந்தது அவ்வளவுதான். கடைசிப் படகுக்கு முந்திய படகில் திரும்பினோம். கடைசிப் படகை நம்பித் திட்டமிடுபவர் கடவுளை நம்பித் திட்டமிடுபவர். நான் அவ்வளவு பக்திமான் அல்ல.

மேலே பன்னிரண்டு பேர் என்றேன். படகில் இருந்தது பதினொரு பேர்.

தங்கையின் கணவருடைய தம்பி வரவில்லை. 2009க்குப் பின் பிரான்சுக்கு வந்தவர். அகதிக்கான பயண ஆவணம் வைத்திருப்பவர். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னர்தான் அவருக்கு வேலையிடத்தில் விடுமுறை உறுதியானது. பிரெஞ்சு வதிவிட அனுமதியோடு சென் மார்ட்டின் வரை வர அவருக்குத் தடையில்லை. அங்குவில்லாவுக்கு அந்த ஆவணத்தோடு நுழைவதைக் கேட்டு முடிவு காண்பதற்கு இரண்டு வாரம் போதாது. "பலவீனமான கடவுச்சீட்டிலிருந்து தொடங்கு" என்று வீராப்போடு சொன்ன நான் இப்போது என்ன சொல்வது? பயணத்தையே விட்டுவிடுவோம் என்றேன். மச்சானும் அதையே சொன்னார். அவர் மறுத்துவிட்டார். "மூன்று மாதமாக அம்மாவுக்காகப் போட்ட திட்டம். எனக்காக அம்மாவை மறிக்கவேண்டாம்" என்றார். வாதத்தில் அவர் வென்றார். என்றாலும் அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. முழங்காலுக்கு ஏற்ற தீவைத் தேடலாம். ஆவணத்துக்கு ஏற்ற கடல் எல்லாக் குடும்பங்களுக்கும் கிடைப்பதில்லை.

இந்த இடத்தில் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சென் மார்ட்டின் 2007 வரை நிர்வாக ரீதியாகக் குவாதலூப் தீவோடு இணைந்திருந்தது. அந்தக் குவாதலூப்புக்கு 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டனர். அவர்களுடைய பிள்ளைகள் பிரெஞ்சு மண்ணிலேயே பிறந்தும் பிரசைகளாகக் கருதப்படவில்லை. அதை எதிர்த்து, அப்படி வந்தவர்களின் வழித்தோன்றலான ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904 முதல் 1923 வரை வழக்காடினார். பத்தொன்பது ஆண்டுகள்! எங்கள் மலையகத் தமிழரின் 1948ஐ அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடல் கடந்த தமிழருக்குக் கடவுச்சீட்டு என்பது ஒருபோதும் வெறும் காகிதமாக இருந்ததில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது வீடெங்கும் குழம்பின் வாசம். அவர் பகலில் மரிகோச் சந்தைக்குப் போயிருக்கிறார். அங்கே மஞ்சள் நிறத் தூள் ஒன்றை "கொலம்போ" என்று பெயரெழுதி விற்பதைக் கண்டு, கொழும்பா என்று வியந்து வாங்கிவந்திருக்கிறார். குவாதலூப், மார்ட்டினிக் தீவுகளில் தமிழர் விட்டுச்சென்ற கறித்தூளுக்கு இன்றும் அதுதான் பெயர். மல்லியும் சீரகமும் கடுகும் தெரிந்தது, உறைப்புத்தான் இல்லை. கொண்டுவந்த யாழ்ப்பாணத் தூளில் இரண்டு கரண்டி சேர்த்து, மீனைப் போட்டு இறக்கியிருந்தார்.

அம்மா அவரைப் பக்கத்தில் இருத்தி, தீவு எப்படி இருந்தது என்று ஒன்று விடாமல் சொன்னார்: உப்புக்குளம், துவரை, இரண்டு ஆடுகள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, காலையில் எங்களைப் படகேற்றிய பின் துறைக்கு மேலே இருக்கும் லூயி கோட்டைக்கு ஏறியதாகச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் அங்குவில்லா முழுவதும் ஒரு கோடு போலத் தெரியுமாம். எங்கள் படகு புள்ளியாகி, அந்தக் கோட்டில் போய் முட்டுமட்டும் நின்று பார்த்துவிட்டுத்தான் சந்தைக்கு இறங்கினாராம்.